மறைந்திருந்த பதினான்காம் கால்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் நீங்கள், என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் தவறாமல் ஒன்று கேட்கிறீர்கள். கணினி வருவதற்கு முன்னால் சர்க்யூட் போர்டை எப்படித்தான் அக்கா வரைந்தீர்கள்? கையால் ஒட்டி ஒட்டித்தான் என்றால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் என் வேலைக்காலத்தின் மிகப் பெரிய பிழையை நான் கையால் வரைந்த நாட்களில் செய்யவில்லை. கணினி வந்த பிறகு, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, ஒரு கோடுகூடக் கோணாமல் வரைந்த படத்தில் செய்தேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஈப்போவில், சிலிபின் பகுதியில், ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே சைக்கிள் கடை. மேலே நாங்கள் எட்டுப் பேர். ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்து கொடுப்பது தொழில். முதலாளி செட்டியார் வீட்டுப் பிள்ளை. அவர் குடும்பத்தில் எல்லாரும் கடை, வியாபாரம் என்றிருக்க, இவர் மட்டும் வெளிநாட்டில் பொறியியல் படித்துவிட்டு வந்து சட்டையில் சால்டரிங் ஓட்டைகளோடு திரிந்தார். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். தொழிற்பள்ளியில் வரைபடம் படித்தவள். கோடு நேராக வரும் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

அப்போதெல்லாம் கண்ணாடி போன்ற பிலிம் தாளை விளக்கு மேசைமேல் விரித்து, கறுப்பு நாடாவை நறுக்கி நறுக்கி ஒட்டுவோம். ஒவ்வொரு நாடாவும் போர்டில் ஒரு செம்புப் பாதை ஆகும். ஒருமுறை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பக்கத்தில் நின்ற அம்மா என் முழங்கையைக் காட்டி, "என்னமோ ஒட்டியிருக்கு பாருமா," என்றார். பார்த்தால் ஒரு கறுப்பு நாடா. அன்று நான் முடித்துக் கொடுத்த படத்திலிருந்து கழன்று என்னோடு வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறது. திரும்ப ஓடிப்போய் ஒட்டிவிட்டு வந்தேன். அந்தக் காலத்துப் பிழைகளுக்கு உடம்பு இருந்தது. கையில் ஒட்டும், கண்ணில் படும்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு கணினி வாங்கினார். சர்க்யூட் வரையும் மென்பொருள் நான்கு பிளாப்பித் தட்டுகளில் வந்தது. முன்பக்க அறைக்குக் குளிர்சாதனம் போட்டார். தூசி வரக்கூடாது என்று எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அவரும் சேர்த்து. ஒரு மாதம் நான் அந்த அறைப் பக்கமே போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்தேன். சிப்பின் படத்தை அலமாரியிலிருந்து எடுப்பதுபோல் எடுத்துத் திரையில் வைக்கலாம். கோட்டை இழுக்கலாம், பிடிக்கவில்லையென்றால் அழிக்கலாம். பிளேடு இல்லை, பிசின் இல்லை. இரண்டாவது வாரத்தில் அறையை விட்டு என்னை வெளியே கூப்பிடுவதே மற்றவர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அப்படி நான் முழுக்கக் கணினியில் வரைந்த முதல் படம், சித்தியவான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் பாய்லருக்கான எச்சரிக்கை போர்டு. பாய்லருக்குள் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு காய்ந்து வெடித்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தப்பிக்க நேரம் இருக்காது. அதனால் பாய்லரோடு ஒட்டிய சின்னப் பக்கக் குடுவையில் இரண்டு உலோகக் கம்பிகள் தொங்கும், ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில். தண்ணீர் மேல் கம்பிக்குக் கீழே இறங்கினால் ஹாரன் அலற வேண்டும். கீழ்க் கம்பியையும் விட்டு இறங்கினால், ஹாரனோடு, அடுப்பில் எரிக்கச் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் கொண்டுபோகும் பெல்ட் தானாக நிற்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. எங்கள் பழைய போர்டு பல வருடங்களாக அதைச் செய்துகொண்டிருந்தது. அதன் உறுப்புகள் கிடைக்காமல் போனதால், ஒரு புதிய சிப்பை வைத்து நான் படத்தைத் திரும்ப வரைந்தேன்.

போர்டைச் சோதித்தது செல்வா. தைப்பிங்காரர், என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எதையும் மூன்று தடவை அளக்கிற ஆள். தண்ணீர் இறங்கியதுபோல் மேல் கம்பியைக் கழற்றினார், ஹாரன் அடித்தது. மாட்டிவிட்டுக் கீழ்க் கம்பியைக் கழற்றினார், பெல்ட்டை நிறுத்தும் ரிலே சுவிட்ச் டக்கென்று இழுத்தது. "கிளியர்லா அக்கா," என்று கையெழுத்துப் போட்டார். போர்டு சித்தியவானுக்குப் போனது. படத்தின் பிரதியை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் என் கணவரிடம் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழகாக இருக்கிறது என்றார்.

போர்டு மாட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. எடுத்தது நான். பின்னால் பெரிய இரைச்சல், அதற்கு மேலே ஒரு ஆண் குரல். அந்த ஆலையின் பாய்லர்காரர்.

"தங்கச்சி, வாரா வாரம் நான் பக்கக் குடுவைத் தண்ணிய வடிச்சி ஹாரன பாப்பேன். இன்னிக்கு அடிச்சுச்சு, அப்பறம் அதுவே நின்னுருச்சு. பெல்ட்டும் நிக்கல."

என்னிடம் உடனே ஒரு விளக்கம் இருந்தது. "வால்வ முழுசா திறந்திருக்க மாட்டீங்கண்ணே. மேல் கம்பி காஞ்சதும் ஹாரன் அடிச்சிருக்கும். அதுக்குள்ள தண்ணி திரும்ப ஏறியிருக்கும், ஹாரன் நின்னுருக்கும். கீழ்க் கம்பி வரைக்கும் இறங்கியே இருக்காது."

"அப்படியா இருக்குமோ," என்றார்.

"அப்படித்தாண்ணே. போர்டை நாங்க நல்லா டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினோம்."

"சரி தங்கச்சி," என்று வைத்துவிட்டார். நானும் அதை மறந்துவிட்டேன். என் விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. பொருந்திய விளக்கம் என்பதாலேயே அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, ஏறக்குறைய அதே நேரத்தில், அவர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரல் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. யாரிடமோ சாட்சி சொல்வதுபோல.

"தங்கச்சி, வால்வ முழுசா திறந்து வச்சேன். தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடியில கண்ண வச்சுக்கிட்டே இருந்தேன். தண்ணி திரும்ப ஏறல. குடுவை காலி. ஹாரன் அடிச்சுச்சு, நாலு எண்ணுறதுக்குள்ள நின்னுபோச்சு. பெல்ட் ஓடிக்கிட்டே இருக்கு. இப்பவும் குடுவை காலிதான்."

என் கையில் இருந்த பென்சிலை மேசைமேல் வைத்தேன்.

"அண்ணே, இங்க நாங்க ஒவ்வொரு கம்பியா கழட்டிப் பாத்தோம். மேல் கம்பிய கழட்டினா ஹாரன் அடிச்சுச்சு. அத மாட்டிட்டு கீழ்க் கம்பிய கழட்டினா பெல்ட்ட நிறுத்துற ரிலே இழுத்துச்சு."

"அது எப்படி தங்கச்சி," என்றார் அவர். "மேல தண்ணி இருந்து கீழ இல்லாம போகுமா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. தண்ணீரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர். நாங்கள் சோதித்தது உலகத்தில் நடக்கவே முடியாத ஒன்றை. நடக்கக்கூடியதை, இரண்டு கம்பியும் ஒன்றாகக் காய்வதை, எங்களில் யாரும் சோதிக்கவில்லை.

முதலாளி அன்று பினாங்கில் இருந்தார். செல்வா சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். நான் படம் வரைபவள். ஒரு பாய்லரை நிறுத்தச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

"என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். "பழ லோரிங்க வரிசையா நிக்குது. மேனேஜர் ஓட்டச் சொல்றாரு."

"அந்த போர்ட நம்பாதீங்கண்ணே."

"நிறுத்தச் சொல்றீங்களா, பாத்து ஓட்டச் சொல்றீங்களா? ரெண்டும் ஒண்ணு இல்ல தங்கச்சி. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நிறுத்தினால் ஆலை முழுவதும் நிற்கும். பிழை எங்கள் போர்டில் இல்லாவிட்டால் என் வேலை போகலாம், முதலாளியின் பெயரும் போகும். 'பார்த்து ஓட்டுங்கள்' என்று சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. என்ன நடந்தாலும், பார்த்து ஓட்டத்தானே சொன்னேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சொல்லின் சௌகரியம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது தெரிந்ததால்தான் பயம் வந்தது.

"நிறுத்துங்கண்ணே," என்றேன். "யார் சொன்னான்னு கேட்டா வாசுகின்னு என் பேரச் சொல்லுங்க."

ஐந்து நிமிடத்தில் ஆலை மேனேஜரே கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். கோபம் குரலில் மட்டும்தான் இருந்தது, சொற்களில் இல்லை.

"நீங்க இஞ்சினியரா?"

"இல்ல சார். படம் வரையிறவ."

"அப்ப எத வச்சு என் பாய்லர நிறுத்தச் சொன்னீங்க?"

"இன்னும் எனக்கே தெரியல சார். ஆனா தண்ணி இல்லாத நேரத்துல அந்த போர்டு பேசாம இருக்குதுன்னு உங்க ஆளு கண்ணால பாத்துச் சொல்றாரு. நான் அவர நம்புறேன்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "நாலு மணி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்குள்ள வந்து காரணத்தச் சொல்லுங்க."

முதலாளி பினாங்கில் தங்கியிருந்த இடத்துக்குத் தகவல் சொல்லி, அவர் திரும்பக் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னேன். முதல் தொலைபேசி அழைப்பையும் மறைக்காமல் சொன்னேன். அவர், "நிறுத்தச் சொன்னது சரி. யார் தப்புன்னு அப்பறம் பாக்கலாம். செல்வாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க," என்றார். அவ்வளவுதான்.

செல்வா வந்ததும், அதே படத்தில் செய்து அலமாரியில் வைத்திருந்த இன்னொரு போர்டை மேசையில் வைத்தோம். இரண்டு கம்பிகளையும் ஒன்றாகக் கழற்றினார். ஹாரன் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. ரிலே அசையவே இல்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் மீட்டரின் முனையைச் சிப்பின் உலோகக் கால்களில் பதினான்காம் காலில் வைத்தார். சிப்புக்கு மின்சாரம் வரவேண்டிய கால் அது. மீட்டர் பூஜ்யம் காட்டியது. கம்பிகளைத் திரும்ப மாட்டினார். கொஞ்சம் மின்னழுத்தம் வந்தது, வரவேண்டிய அளவைவிடக் குறைவாக.

"அக்கா," என்றார் செல்வா, "இதுக்கு நாம சோறே போடல. கம்பி வழியா வர்றத நக்கிக் குடிச்சுத்தான் உயிரோட இருந்திருக்கு."

நான் கணினியில் படத்தைத் திறந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே இருந்தது. பிறகு அதை விட்டுவிட்டு, செம்புப் பாதைகளின் அச்சுப் படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய விளக்கு மேசைமேல் போட்டேன். பென்சில் முனையை மின்சாரம் நுழையும் இடத்தில் வைத்து, பாதை போகும் வழியெல்லாம் போனேன். எல்லா இடத்துக்கும் போனது. பதினான்காம் காலுக்கு மட்டும் போகவில்லை. அந்தக் கால் யாரோடும் சேராமல் தனியாக நின்றது.

காரணம் ரொம்பச் சின்னது. எல்லாச் சிப்புக்கும் மின்சாரக் கால் இருக்கும் என்பதால், படம் நெரிசலாகாமல் இருக்க அந்த மென்பொருள் அந்தக் காலைத் திரையில் காட்டாது. பெயரைப் பார்த்துத் தானாக இணைத்துக்கொள்ளும். அதன் புத்தகத்தில் மின்சாரக் கோட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. நான் எங்கள் வழக்கப்படி வேறொரு பெயரைத் தட்டியிருந்தேன். பெயர் வேறாக இருந்ததால் அது இணைக்கவில்லை. இணைக்காததை என்னிடம் சொல்லவும் இல்லை. நாடா ஒட்டிய நாட்களில் நான் முதலில் ஒட்டுவதே மின்சாரப் பாதையைத்தான், அகலமான நாடாவில், என் கையாலேயே. அதை மறக்க வழியே இருந்ததில்லை.

கம்பிகளில் ஒன்றிலாவது தண்ணீர் பட்டுக்கொண்டிருக்கும்வரை, அதன் வழியாக வரும் துளி மின்சாரத்தில் சிப் வேலை செய்தது. இரண்டும் காய்ந்ததும் செத்துப்போனது. அதாவது, எந்த நேரத்துக்காக அந்த போர்டை வாங்கினார்களோ, சரியாக அந்த நேரத்தில் அது சாகும்.

மின்சாரம் போனால் பெல்ட் தானாக நிற்கும்படி ரிலேயை ஏன் வைக்கவில்லை என்று உங்களில் யாராவது இப்போது மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். நல்ல கேள்வி. கேட்டவர் நன்றாக வருவார். அன்று எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

செல்வாவின் பழைய காரில் கிளம்பினோம். போத்தா என்ற ஊரைத் தாண்டியதும் அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"நான்தான் கையெழுத்துப் போட்டேன் அக்கா. ரெண்டையும் சேத்துக் கழட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"கோட்டப் போடாதது நான் செல்வா."

"நீங்க போடாதத நான் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"பாய்லர்காரர் முதல்ல கூப்பிட்டப்ப போன் எடுத்தது நான்தான்."

ஆயர் தாவார் ஊருக்குள் கார் மெதுவானபோது, "ஆளுக்குப் பாதியா வச்சுக்குவோம்லா," என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆலைக்குள் நுழைந்தபோது லோரிகள் வாசல்வரை நின்றன. செம்பனைப் பழத்தின் புளித்த எண்ணெய் வாசம். பாய்லர்காரர் எங்களுக்காக வெளியே நின்றார். தொலைபேசிக் குரலை வைத்து நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியானவர், நாற்பது வயதிருக்கும், கழுத்தில் ஒரு துண்டு. அந்த நிலம் ரப்பர் தோட்டமாக இருந்தபோது அங்கே பால்மரம் சீவியவராம். மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது ஆலைக்குள் வந்து, பரீட்சை எழுதி, பாய்லர் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்.

மேனேஜரிடம் காரணத்தைச் சொன்னேன். என் படத்தில் ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது என்றேன். மென்பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் பெயரைத் தட்டியது என் விரல். அவர் என்னை நேராகப் பார்த்து, "சரி, போய்ச் சரிபண்ணுங்க," என்றார்.

செல்வா ஒரு சின்னக் கம்பியை எடுத்து, பதினான்காம் காலிலிருந்து மின்சாரப் பாதைக்குச் சால்டர் வைத்தார். நான் போர்டைப் பிடித்துக்கொண்டேன். "மூச்சு விடுங்க அக்கா," என்றார். ஒரு கட்டை விரல் நீளக் கம்பி. வேலை முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு பாய்லர்காரர் பெல்ட்டை வெறுமனே ஓடவிட்டு, பக்கக் குடுவையின் வால்வை முழுவதும் திறந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்குவதை மேனேஜரும் சேர்த்து நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஹாரன் அலறியது. தண்ணீர் இன்னும் இறங்கியது. கண்ணாடி காலி. ஹாரன் நிற்கவில்லை. ஒரு கிறீச்சோடு பெல்ட் நின்றது.

ஒருவரும் அசையவில்லை. ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். பாய்லர்காரர் அவர் காதருகே போய்க் கத்தினார்: "விடுங்க சார். இத்தன நாளு கத்தாததுக்குக் கொஞ்சம் கத்தட்டும்."

ஒரு நிமிடம் கத்தவிட்டார். பிறகு வால்வை மூடினார்.

மேனேஜர் போன பிறகு பாய்லர்காரர் எங்களுக்குத் தே ஓ, பாலில்லாத் தேநீர், கொண்டுவந்து கொடுத்தார். நான் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணே, மன்னிச்சிருங்க. நீங்க முதல் தடவ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்," என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்ல தங்கச்சி. நீங்க சொன்னதக் கேட்டு நானும் என்னையேதான் சந்தேகப்பட்டேன். படிச்சவங்க சொல்றாங்க, நம்ம கண்ணுதான் தப்பாப் பாத்துச்சு போலன்னு. ஆனாலும் மனசு ஒப்பல. அந்த ஒரு வாரமும் என் ஷிப்டுல கண்ணாடிய விட்டு நவுரல. அடுத்த ஷிப்டுக்காரன்கிட்டயும் சொல்லி வச்சேன். சோறுகூட கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டேதான் தின்னேன்."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் குவளையைக் கீழே வைத்தேன். கோடு விட்டுப்போனது கவனக்குறைவு. எந்தக் கைக்கும் வரும், உங்களுக்கும் வரும். ஆனால் ஒரு மனிதரைத் தன் கண்ணையே சந்தேகப்பட வைத்தேனே, அதற்கு எந்த மென்பொருளும் காரணம் இல்லை. என் குரலில் இருந்த நிச்சயம்தான் காரணம். அந்த ஒரு வாரம் அந்த ஆலையைக் காப்பாற்றியது எங்கள் போர்டு இல்லை, என்னை முழுதாக நம்பாத அவருடைய பிடிவாதம்.

மறுநாள் முதலாளி பினாங்கிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திரையில் அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னார். "அந்தக் கால வெளிய கொண்டுவாங்க, நானும் பாக்குறேன்," என்றார். எப்படிச் செய்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மத்தியானம்வரை போராடி, சிப்பின் படத்தையே மாற்றி, பதினான்காம் காலை வெளியே தெரிய வைத்தோம். அதிலிருந்து ஒரு கோட்டை நானே இழுத்தேன். "இனிமே நம்ம படத்துல மறஞ்ச கால் எதுவும் வேணாம், வாசுகி," என்றார். மின்சாரம் போனால் பெல்ட் நிற்கும்படி ரிலேயையும் மாற்றினோம். படத்தின் மூலையில் திருத்தம் B என்று எழுதி, என்ன மாற்றினோம் என்று குறித்தோம். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தார். ஆலையிலிருந்து யார் கூப்பிட்டாலும், அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதவேண்டும், நம் விளக்கத்தை எழுதக்கூடாது. அந்த நோட்டு வழக்கத்தை நான் ஓய்வு பெறும்வரை விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள்.

அந்த வருடத் தீபாவளிக்கு முந்திய வாரம், பாய்லர்காரர் மனைவியோடு துணி எடுக்க ஈப்போவுக்கு வந்தவர், எங்கள் மாடியேறி வந்தார். அந்த அம்மா கையில் ஒரு டப்பா நிறைய முறுக்கு. "எங்க போர்ட வரஞ்ச மிஷினப் பாக்கணும்னு இவருக்கு ஆச," என்றார்.

இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். நான் படத்தைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொறுமையாகப் பார்த்தார். ஹாரன் எது, பெல்ட் எது என்று கேட்டார். காட்டினேன்.

"இதுல நான் எங்க தங்கச்சி இருக்கேன்?"

திரையின் இடது ஓரத்தைக் காட்டினேன். மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் படத்துக்குள் நுழையும் இடம். "இந்த ரெண்டு கோடும் உங்க குடுவையில இருந்துதாண்ணே வருது. நீங்க இதுக்கு இந்தப் பக்கம் இருக்கீங்க."

"அங்க ஒண்ணும் இல்லயே. வெறும் எடம்லா."

உண்மைதான். நாங்கள் வரைந்த எல்லாப் படத்திலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. நான் விசைப்பலகையை இழுத்து, அந்த இரண்டு கோடுகளுக்கு முன்னால் அவர் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். அவர் ஒவ்வொரு எழுத்தையும் மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவரு பேர மட்டும் போட்டா எப்படி? அந்த ஒரு வாரம் பாய்லர் கிட்டக்க சோத்தத் தூக்கிக்கிட்டு நடந்தது யாரு?"

அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். கணவர் பெயருக்குக் கீழே அதையும் தட்டினேன்.

சாயங்காலம் முதலாளி கையெழுத்துக்காகப் படத்தை வாங்கிப் பார்த்தார். மூலையில் நான் எழுதியிருந்த வரியைப் படித்தார்: திருத்தம் C. இரண்டு பெயர்கள் சேர்க்கப்பட்டன. சர்க்யூட்டில் மாற்றம் இல்லை.

டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அவர் கையெழுத்துப் போட்டார்.